அண்ணி சிபாரிசு செய்த கொலைக்கதை

இறால் உரிக்கும் ஷெட்டில் யாருக்கும் வியர்க்காது. மேஜை முழுக்க ஐஸ், காலடியில் ஐஸ் தண்ணீர், கையுறைக்குள் இருப்பது தன் விரலா பக்கத்தில் நிற்பவளின் விரலா என்று தெரியாத அளவுக்கு மரமரப்பு. அந்தக் குளிரில், பதினோராவது அத்தியாயத்தின் நடுவில், ரேடியோவுக்கு முதுகில் வியர்த்தது.

ரேடியோ என்பது அவளுக்கு அந்த ஷெட் வைத்த பெயர். மேஜையின் தலைமாட்டில் கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டி மேல் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கதை படிப்பது அவள் வேலை. சம்பளப் பட்டியலில் அப்படியொரு வேலை கிடையாது. மேஜையைச் சுற்றி நிற்கும் பெண்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி உரித்த இறாலை அவள் டப்பில் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் எடை போடும்போது அவள் டப்பும் நிறைந்திருக்கும். சூப்பர்வைசருக்கும் விஷயம் தெரியும். கதை ஓடினால் வாய்கள் மூடிக்கொள்கின்றன, கைகள் வேகமாக ஓடுகின்றன. அதனால் கண்டும் காணாமல் போய்விடுவார்.

இந்த வாசிப்புக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, படிக்கிறவள் முன்கூட்டியே படித்துவிடக் கூடாது. ரேடியோவுக்கு முன்னால் இருந்தவள் ஒரு நாவலை வீட்டில் முடித்துவிட்டு வந்து படித்தாள். கதாநாயகன் சாகப்போகிறான் என்பது அவள் தொண்டையிலேயே தெரிந்துபோய், மேஜையே முன்பணமாக அழுது தீர்த்துவிட்டது. அவன் நிஜமாகச் செத்தபோது அழ ஒருத்தியிடமும் கண்ணீர் இல்லை. அன்றிலிருந்து புத்தகம் ஷெட்டை விட்டு வெளியே போவதில்லை. சுவரில் தொங்கும் முதலுதவிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைப் பெரியக்கா இடுப்பில் செருகிக்கொள்வாள். பெரியக்காதான் அந்த மேஜைக்கு மூத்தவள்.

இரண்டாவது, ஒரு நாவலைச் சிபாரிசு செய்கிறவள் அதை முழுக்கப் படித்திருக்க வேண்டும். ஆனால் கதை முடியும்வரை அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. விட்டால் ஒரு வாரம் முழுக்க அவள்தான் ஐஸ் அள்ள வேண்டும்.

இந்த நாவலைச் சிபாரிசு செய்தது அண்ணி. ரேடியோவின் அண்ணன் மனைவி. மேஜையின் கடைக்கோடியில், குழாய்க்குப் பக்கத்தில் நிற்பவள்.

அண்ணன் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த மூன்று மாதத்தில் அண்ணி ஷெட்டில் பேசிய மிக நீளமான பேச்சே அந்தச் சிபாரிசுதான்.

"சின்னக் கடலோர ஊர்ல ஒரு கொலை. 'ஈரக்கயிறு'ன்னு பேரு. நல்லா இருக்கும். இத வைங்களேன்."

"நம்மளும் சின்னக் கடலோர ஊருதான். இறால் நாத்தத்தத் தவிர இங்க என்ன இருக்கு" என்றாள் பச்சைமிளகாய். ஐந்தடிகூட இல்லாத உடம்பு, அதற்குமேல் ஆறடி வாய். வழக்கமாக அவள் எதைச் சொன்னாலும் மேஜை சிரிக்கும். அன்று யாரும் சிரிக்கவில்லை. என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் படகு மெக்கானிக். அந்த ஷெட்டுக்காரர்களின் படகுகளுக்குத்தான் எஞ்சின் வேலை. ஒருநாள் காலையில், கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டிருந்த படகுக்கு ஒரு சின்னத் தோணியில் தனியாகத் துடுப்புப் போட்டுப் போனான். மறுநாள் அலைதடுப்புப் பாறைகளுக்கு நடுவே உடல் கிடைத்தது. வழுக்கி விழுந்திருப்பான் என்று கோப்பை மூடினார்கள். போன வாரம் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் அம்மா அதைத் திறந்துவிட்டார். பின்மண்டைக் காயம் பாறையில் பட்டதல்ல, இரும்பு பட்டது என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். அன்று காலை படகுத்துறையில் அண்ணனோடு கடைசியாக நின்றது அண்ணி. இருவருக்கும் சண்டை. "போய்த் தொலைங்க" என்று அவள் கத்தியதை, ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த பச்சைமிளகாய் காதாரக் கேட்டிருந்தாள்.

நாளை இன்ஸ்பெக்டர் ஷெட்டுக்கே வந்து எல்லோரையும் விசாரிக்கப்போகிறார். இந்த மேஜை ஒரே குரலில் "அவதான்" என்றால் அண்ணியை அங்கேயே ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள்.

ரேடியோவுக்கு இன்னொன்றும் தெரியும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அண்ணி வீட்டுக்குப் போனபோது, சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒரு வாளி. வாளியில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய்க்குள் அண்ணனின் பெரிய ஸ்பேனர். கை நீளத்துக்கு இருக்கும், தூக்கினால் தோள் இறங்கும். அது இல்லாமல் அண்ணன் எந்த எஞ்சின் பக்கமும் போனதில்லை. அன்றைக்கு மட்டும் அது எப்படி வீட்டில் இருந்தது? எதற்காக அதைக் கழுவ வேண்டும்?

கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அதன்பிறகு அந்த வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை.

இப்போது மடியில் பதினோராவது அத்தியாயம் விரிந்து கிடக்கிறது. கதையில், வலைக்கடைக்காரன் ஒருவன் படகுத்துறைக்கு அடியில் பிணமாகக் கிடக்கிறான். பல்வலியோடு அலையும் ஒரு இன்ஸ்பெக்டர் அவன் வீட்டைச் சோதனை போடுகிறார். மனைவி கதவருகே நிற்கிறாள். ரேடியோ படித்துக்கொண்டே வந்தாள்.

"'அவர் சமையலறைக்குள் நுழைந்தார். அடுப்பில் தணல் இருந்தது. குனிந்து தொட்டிக்கு அடியில் கையை விட்டார். விரலில் தட்டுப்பட்டது...'"

அடுத்த வரிக்குக் கண் போய்விட்டது. ஒரு இரும்புத் தடி. துணியில் சுற்றியது.

அப்போதுதான் வியர்த்தது.

இதைப் படித்தால் என்ன ஆகும்? இத்தனை காதும் இதைக் கேட்டுவிட்டு நாளை இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்கும். கதை வேறு, நிஜம் வேறு என்று பிரித்துப் பார்க்க இவர்கள் என்ன நீதிபதிகளா? ரேடியோவாலேயே பிரிக்க முடியவில்லை.

"'விரலில் தட்டுப்பட்டது... ஒரு பழைய பாத்திரம்தான்'" என்றாள். "'வீட்டில் ஒன்றுமே கிடைக்கவில்லை. அப்போது ஒரு நர்ஸ் ஓடிவந்தாள். இந்த அம்மா அன்றைக்கு முழுக்க எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார் என்று சொன்னாள்.'"

மேஜையில் கைகளின் வேகம் குறைந்தது.

"நர்ஸா?" என்றாள் பச்சைமிளகாய். "இதுவரைக்கும் நர்ஸே வரலையேடி."

"இப்ப வர்றா."

"எங்கேர்ந்து வர்றா? வானத்துலேர்ந்து குதிச்சாளா?"

"கதைல வர்றத நான் என்ன பண்றது? நடுவுல பேசாத."

பெரியக்கா கையிலிருந்த இறாலைக் கீழே வைத்தாள். "ஏய் ரேடியோ. எனக்குக் காது சரியா விழல. அந்தப் பத்திய இன்னொரு தடவ படி."

இருப்பதைப் படிக்கிறவளுக்கு இரண்டாம் தடவை ஒரு கஷ்டமா? இல்லாததைப் படித்தவளுக்கு முதலில் சொன்னதே மறந்துவிட்டது.

"'வீட்டில் எதுவும் இல்லை. அப்போது ஒரு டாக்டர் வந்தார். இந்த அம்மா நேற்று எங்கள் ஆஸ்பத்திரியில்...'"

"போன தடவ நர்ஸு, இந்தத் தடவ டாக்டரு" என்றாள் பச்சைமிளகாய். "பத்து நிமிஷத்துல நல்ல ப்ரமோஷன். நானும் இவ்ளோ நேரமா பாத்துக்கிட்டே இருக்கேன், உன் கண்ணு வரி மேல ஓடவே இல்ல. அங்க என்னதான் போட்டிருக்கு? குடு, நான் படிக்கிறேன்."

ரேடியோ புத்தகத்தைப் பட்டென்று மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதைவிட மோசமான காரியத்தை அவள் செய்திருக்க முடியாது.

ஐஸ் உடைக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தது. அது ஓடும்போது யார் பேசினாலும் கேட்காது. எல்லோரும் இறாலையே பார்த்தார்கள். கடைக்கோடியில் நின்ற அண்ணியை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு கவனமாக ஒருத்தியைப் பார்க்காமல் இருப்பதற்கு, முறைத்தே பார்த்திருக்கலாம்.

பெரியக்கா கையை நீட்டினாள். புத்தகம் பெட்டிக்குள் போனது. பூட்டு விழுந்தது.

சாயங்காலம் எடை வரிசையில் பச்சைமிளகாயின் குரல் முன்னாலிருந்து மிதந்து வந்தது. ரகசியம் பேசினாலும் ஊருக்கே கேட்கும் குரல்.

"நானாவது வெளியாளு. கூடப் பொறந்தவ அவ. அவளே பொண்டாட்டி வர்ற எடத்த மட்டும் முழுங்குறான்னா என்ன அர்த்தம்? ஏதோ பாத்திருக்கா. இல்லேன்னா இந்த நடுக்கம் வருமா? நாளைக்கு அந்த அம்மா கேட்டா நான் இதையும் சொல்லத்தான் போறேன்."

மூடி மறைக்கப் போய், பந்தல் போட்டு விளம்பரம் செய்தது மாதிரி ஆகிவிட்டது. இதுவரை பாதிப்பேர்தான் சந்தேகப்பட்டார்கள். இப்போது மேஜை மொத்தத்துக்கும் சந்தேகம் போய் உறுதியே வந்துவிட்டது. உறுதி கொடுத்தவள் அவள்.

உடை மாற்றும் அறையில் எல்லோரும் போன பிறகு, ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. அண்ணி. தலையிலிருந்த வலைத்தொப்பியைக்கூட எடுக்காமல் எதிரே வந்து நின்றாள்.

"தொட்டிக்கு அடியில இரும்புத் தடி இருந்துச்சு. அத ஏன் படிக்கல?"

ரேடியோ குனிந்து ஒரு பூட்ஸைக் கழற்றினாள்.

"என்னக் காப்பாத்துறேன்னு நெனச்சியா?"

"நாளைக்குப் போலீஸ் வருது அண்ணி. இந்த நேரத்துல அதப் போயி..."

"அந்தத் தடிய வச்சது யாருன்னு அடுத்த அத்தியாயத்துல இருக்கு. உனக்கு அது தெரியாது. தெரியக் கூடாதுங்கறது உன் சட்டம். சொல்லக் கூடாதுங்கறது என் சட்டம்." அண்ணி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். "பரவால்ல. ஒரு வாரம் நானே ஐஸ் அள்ளிக்கிறேன். கதைல அந்தப் பொண்டாட்டி பண்ணல. ஊரே அவதான்னு சொல்லுது. யாரும் வந்து கேக்க மாட்டேங்குறாங்க. அவ வந்தா பேச்ச நிறுத்துறாங்க, போனா ஆரம்பிக்கிறாங்க. கடைசில ஒரே ஒருத்தி வந்து நேருக்கு நேரா கேக்குறா. யாரு தெரியுமா? நாத்தனா."

அண்ணி சேலைத் தலைப்பால் கையின் ஈரத்தைத் துடைத்தாள்.

"அதுக்குத்தான் அந்தப் புத்தகத்தச் சொன்னேன். மத்தவங்களுக்காக இல்ல. உன் வாயால நீயே அந்த எடத்தப் படிக்கும்போதாவது உனக்கு உறைக்கும்னு நெனச்சேன். மூணு மாசமா வாசப்படி மிதிக்கல நீ. அன்னைக்கு வாளியப் பாத்த. நீ பாத்தத நான் பாத்தேன். கேளேன்னு நின்னுட்டிருந்தேன். தண்ணி குடிச்சிட்டுப் போயிட்ட."

நேற்று வரை இந்தக் கேள்வியை நினைத்தாலே பயம். பதில் "ஆமா" என்று வந்துவிட்டால்? அந்தப் பயம் இப்போதும் அப்படியேதான் இருந்தது. இருந்தும் கேட்டாள்.

"அண்ணன் ஸ்பேனர் எப்படி வீட்டுக்கு வந்துச்சு?"

"நான் புடுங்கிட்டு வந்தேன்" என்றாள் அண்ணி. "அந்தப் படகுல தலைக்கு மேல பாரம் தூக்குற இரும்புக் கப்பி கழண்டு ஆடுதுன்னு உங்கண்ணன்தான் சொல்லிட்டே இருந்தாரு. அத மாத்தாம போகாதீங்கன்னேன். வரச் சொல்றாங்கன்னு கிளம்பிட்டாரு. பின்னாடியே துறைக்கு ஓடினேன். ஸ்பேனர் இருந்த பையப் புடிச்சு இழுத்தேன். சாமான் இல்லேன்னா வேல செய்ய முடியாது, திரும்பிடுவாருன்னு கணக்கு. அவரு பைய விட்டுட்டுப் போறாரு. படகுலயே ஒரு ஸ்பேனர் கெடக்கும்ங்குறாரு. அந்தக் கோவத்துலதான் சொன்னேன், போய்த் தொலைங்கன்னு."

வலைத்தொப்பியைத் தலையிலிருந்து உருவினாள்.

"தொலைஞ்சுட்டாரு."

"இத அன்னைக்கே போலீஸ்ல சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொன்னா, கடைசியா என்னம்மா சொன்னீங்கன்னு கேப்பாங்க. அத என் வாயால திருப்பிச் சொல்லணும்." அண்ணி எழுந்தாள். "சனிக்கிழமையானா அத எண்ணெய்ல ஊறப் போடுவாரு, துரு ஏறாம. நானும் போடுறேன். அவ்ளோதான் அந்த வாளி."

நம்புவதா? அன்றிரவு முழுக்க ரேடியோ அந்த ஒரு கேள்வியோடு புரண்டுகொண்டிருந்தாள். சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருப்பதாலேயே பயமாகவும் இருந்தது. கதையென்றால் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடலாம்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். ஒல்லியான உருவம், தேய்ந்த ஷூ. ஈரத்தில் வழுக்கிவிடாமல் மெதுவாகக் கால் வைத்து வந்தார். பின்னாலேயே சூப்பர்வைசர், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு.

"உக்காருங்க மேடம். எல்லாம் வெவரம் இல்லாத பொம்பளைங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்லும். சுருக்கமா நானே சொல்லிடுறேன். அந்தாளு யாரும் சொல்லாம அவரா போனாரு. வீட்ல ஏதோ தகராறு."

"நீங்க போன தடவ சொன்னத எழுதிட்டேன்" என்றார் அவர். உட்காரவில்லை. மேஜையைச் சுற்றிப் பார்த்தார். "இறந்தவரோட தங்கச்சி யாரு?"

ரேடியோ மீன்பெட்டியிலிருந்து எழுந்தாள். எல்லாக் கைகளும் நின்றன.

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"

இல்லை என்று சொன்னால் போதும். ஆனால் யாரும் நம்பமாட்டார்கள். நேற்றைக்கு ஒரு நர்ஸைக் கூட்டி வந்தவளின் "இல்லை"க்கு என்ன மரியாதை இருக்கும்?

"இருந்துச்சு" என்றாள். "எங்க அண்ணி மேல."

கடைக்கோடியில் அண்ணி அசையவில்லை. சூப்பர்வைசர் முகத்தில் லேசாக ஒரு நிம்மதி ஓடியது. பச்சைமிளகாய் வாயைத் திறந்து, எதற்கென்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

"மூணு மாசமா இருந்துச்சு. அவங்க வீட்ல அண்ணனோட ஸ்பேனரப் பாத்தேன். கேக்காம வச்சிக்கிட்டேன். நேத்துதான் கேட்டேன். துறையில பையப் புடுங்கினேன், போகாதீங்கன்னு தடுத்தேன், அந்தப் படகுல கப்பி கழண்டிருந்துச்சுன்னு சொன்னாங்க. பொய்யா நெஜமான்னு எனக்குத் தெரியாது. நான் அங்க இல்ல." ரேடியோ பச்சைமிளகாய் பக்கம் திரும்பினாள். "அங்க இருந்தது இவதான். ஏய், உன்னத்தான். போய்த் தொலைங்கன்னு கேட்டியே, அதுக்கு முன்னாடி என்ன கேட்ட?"

"முன்னாடியா?" பச்சைமிளகாய் முதல்முறையாகத் திணறினாள். "அத யாருமே கேக்கலையேடி."

"நான் கேக்குறேன்."

"ஐஸ் கொட்டுற சத்தம். பாதி விழல." அவள் கையுறையைக் கழற்றினாள், அப்போதுதான் யோசிக்க வரும் என்பதுபோல. "பையி. ஆமா, ஒரு பையப் புடிச்சு ரெண்டு பேரும் இழுத்துக்கிட்டிருந்தாங்க. நான்கூட இவ என்னடா நடுத்துறையில புருஷன்கிட்ட பை புடுங்குறான்னு சிரிச்சேன். அப்புறம் அவரு வெறுங்கையோட தோணியில ஏறுனாரு. பையி இவ கையில இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "இத நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல" என்றாள். அவள் சொல்லாமல் விட்ட விஷயமென்று ஒன்று உலகத்தில் இருப்பது அவளுக்கே அதிர்ச்சியாக இருந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "அந்தப் படகுல கப்பி ஆடுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். கப்பி புத்தம் புதுசு. வந்து வேணும்னா பாருங்க."

"எப்ப மாத்துனீங்க?"

சூப்பர்வைசர் பதில் சொல்லும் முன் ஐஸ் மெஷினைப் பார்த்தார். அது ஓடவில்லை.

"ரெண்டு மூணு மாசம் இருக்கும்."

"அவர் இறந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"ரொட்டீனா மாத்துறதுதான் மேடம்."

"வாங்க, படகப் போய்ப் பாப்போம். நீங்களும் வாங்கம்மா" என்று அண்ணியைப் பார்த்துச் சொன்னார். குரலில் கனிவும் இல்லை, கடுமையும் இல்லை. அதுதான் ரேடியோவைப் பயமுறுத்தியது. படகைப் பார்த்துவிட்டு அண்ணி திரும்பி வருவாளா, அப்படியே ஸ்டேஷனுக்குப் போவாளா என்று அந்த முகத்தில் எழுதியில்லை.

"நானும் வரேன்" என்றாள் ரேடியோ.

"உங்கள யாரும் கூப்பிடலையே."

"தனியா அனுப்ப முடியாதுங்க."

பெரியக்கா குறுக்கே வந்து ரேடியோவின் முதுகுப்பக்கம் கையை விட்டு ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். "போயிட்டு வா. உன் டப்ப நாங்க ரொப்பி வைக்கிறோம்."

ஜீப்பில் முன்னால் டிரைவர், பக்கத்தில் சூப்பர்வைசர். பின்னால் இன்ஸ்பெக்டர், எதிரே அண்ணியும் ரேடியோவும். சாலை முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் இருவர் தோளும் மோதிக்கொண்டன.

மூன்று மாதமாகக் கேட்காமல் விட்ட கேள்விகள் ரேடியோவின் நெஞ்சில் குவிந்து கிடந்தன. பெரியது ஒன்றைக் கேட்டாகிவிட்டது. மிச்சமெல்லாம் சின்னச் சின்னது. ஒரு தங்கை கேட்க வேண்டியவை. அதில் ஒன்று, இடம் பொருள் பார்க்காமல் வாயில் வந்துவிட்டது.

"அண்ணி. அன்னைக்கு அண்ணன் சாப்ட்டுட்டுப் போனாரா?"

அண்ணி வெளியே பார்த்தபடி இருந்தாள். கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் தடுமாறவில்லை.

"ரெண்டு வாய்தான். மூணாவது வாய் எடுக்குறதுக்குள்ள சூப்பர்வைசர் போன் பண்ணிட்டாரு, உடனே கிளம்பி வான்னு."

முன்சீட்டில் சூப்பர்வைசரின் பிடரி விறைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் சற்று முன்னால் குனிந்தார். "அந்தப் போன் இப்ப எங்கம்மா இருக்கு?"

"எங்க வீட்லதான். கோவத்துல அதையும் வச்சிட்டுப் போயிட்டாரு."

"வண்டிய முதல்ல அவங்க வீட்டுக்கு விடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர் டிரைவரிடம்.

ஜீப் திரும்பியது. அந்தக் குலுக்கலில் ரேடியோ அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் ஐஸாகத்தான் இருந்தன.